சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளும் அவற்றின் கீழுள்ள மண்ணும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்பாகத்தில், கடலின் கொந்தளிப்பு எட்டாத அமைதியான நீர்ப்பரப்பை அடுத்து, சீனக்குடா என்று வழங்கும் பிரதேசத்தில், ஏறக்குறைய 850 ஏக்கர் விஸ்தீரணமுள்ள காட்டு நிலத்திலே, உருக்குத் தகட்டால் அமைந்த பெரிய எண்ணெய்த் தாங்கிகள் மரங்களுக்கிடையே ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. பிரித்தானியக் கடற்படையின் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியதை அடுத்து, கீழைச் சமுத்திரங்களில் உலாவும் யுத்தக் கப்பல்களுக்கு வேண்டிய எரிபொருளைச் சேமித்து வைக்கும் பொருட்டு, 1920களிலும் 1930களிலும் எழுப்பப்பட்டவை இவை. மொத்தம் 101 தாங்கிகள் இருந்தன. இன்று எஞ்சியவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 கிலோலீற்றர், அதாவது ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர் எண்ணெயைக் கொள்ளத்தக்கது.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, அவற்றுள் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியின்மீது மோத, அந்தத் தாங்கி எண்ணெயோடு சேர்ந்து எரிந்து உருக்குலைந்தது. ஏழு நாட்கள் அந்நெருப்பு அணையவில்லை என்று அவ்வூரில் சொல்லிவருகிறார்கள். சரித்திரம் நினைவில் வைத்திருக்கும் சேதம் அது. ஆனால் எண்ணெய்த் தாங்கி ஒன்று தான் நிற்கும் பூமிக்குச் செய்யக்கூடிய தீங்குகளுள், எவர் கண்ணுக்கும் புலப்படாமல், ஓசையின்றி, வருடக்கணக்காக நடப்பது வேறொன்று உண்டு. அது அடித்தகட்டின் கசிவு. தீ ஒரு வாரத்தில் எரிந்து ஓயும். மண்ணுக்குள் இறங்கிய எண்ணெயோ, தக்க பரிகாரம் செய்யாவிடின், ஒரு தலைமுறை கடந்தும் அங்கேயே இருக்கும். இத்தாங்கிகளைப் புதுப்பித்து மீண்டும் நிரப்பும் யோசனை நம் காலத்தில் உருப்பெற்று வருவதால், கசிந்த எண்ணெய் நிலத்தில் எவ்வாறு நடந்துகொள்கிறது, அதனை எவ்வாறு அகற்றுவது என்ற இரு விஷயங்களையும் நாம் தெளிவாக அறிந்திருப்பது அவசியமாகிறது.

நிலத்தின்மேல் எழுப்பிய தாங்கியின் சுவரை எவரும் சுற்றிவந்து பார்க்கலாம். வர்ணம் உரிந்த இடமும் துருப்பிடித்த ஆணியும் கண்ணில் படும். அதன் அடித்தகடு அவ்வாறன்று. சாதாரணமாக 6 மில்லிமீற்றர் அளவே தடிப்புள்ள அத்தகடு, மேலே எண்ணெயின் பாரத்தையும் கீழே ஈரமண்ணையும் தாங்கிக்கொண்டு, இருபுறமும் மறைந்து கிடக்கிறது. பகல் வெப்பத்தில் தாங்கியினுள் உள்ள ஆவி விரிந்து வெளியேறுவதும், இரவுக் குளிர்ச்சியில் கடற்காற்று உள்ளே இழுக்கப்படுவதும் நாள்தோறும் நிகழ்வதனால், அக்காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து, எண்ணெயைக் கடந்து கீழிறங்கி, அடியிலே நீராகத் தேங்குகிறது. அந்த நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலே, ஒட்சிசன் இல்லாமலே வாழவல்ல ஒருவகைப் பற்றீரியாக்கள் குடியேறி, நீரிலுள்ள சல்பேற்றைச் சல்பைட்டாக மாற்றி, உருக்கை அரிக்கின்றன. தாங்கியைக் காலி செய்து உட்புகும் தொழிலாளி, அடித்தகட்டில் அடை அடையாக எழும்பி நிற்கும் துருப்பொருக்கைச் சுத்தியலால் தட்டும்போது, அது ஏடு ஏடாக உதிர்ந்து, அதன் கீழே கறுத்த பசைபோன்ற படிவும், அப்படிவின் கீழே ஊசியால் குத்தியதுபோன்ற சிறு குழியும் தென்படும். சுற்றிலும் தகடு முழுத் தடிப்போடு இருக்க, அந்த ஒரு குழி மட்டும் மறுபுறம் வரை இறங்கியிருக்கலாம். கசிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

அந்தத் துவாரத்தின் வழியே வினாடிக்கு ஒரு துளி மட்டும் வீழ்வதாகக் கொள்வோம். இருபது துளி ஒரு மில்லிலீற்றர் என்ற கணக்குப்படி, நாளொன்றுக்கு நான்கு லீற்றருக்கு மேலும், வருடமொன்றுக்கு ஏறக்குறைய 1,600 லீற்றரும் மண்ணிற் சேரும். இதனைத் தாங்கியின் அளவுகோலைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். ஒரு கோடியே இருபது இலட்சம் லீற்றர் டீசல் நிறைந்த தாங்கியில், வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தாலே எண்ணெயின் கனவளவு 9,000 லீற்றருக்கு மேல் பெருகிவிடும். ஒரு பாகை தாழ்ந்தால் அவ்வளவே சுருங்கும். வெப்பநிலையின் சிறு மாறுதலினால் வரும் ஏற்ற இறக்கத்தினுள்ளேயே ஒரு வருடத்துக் கசிவு முழுவதும் மறைந்துபோக இடமுண்டு. ஆகவேதான், கணக்கேடு சரியாக இருக்கிறது என்பதைக் கொண்டு தாங்கி சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டலாகாது.

மண்ணிற் புகுந்த எண்ணெய் முதலில் நேர்கீழே இறங்குகிறது. இறங்கும் வழியெங்கும் மணலின் துகள்களுக்கிடையே தன்னில் ஒரு பகுதியை விட்டுக்கொண்டே போவதால், கசிந்தது சொற்பமாயின் அது பாதிவழியிலேயே நின்றுவிடும். மிகுதியாயின், நிலக்கீழ் நீர்மட்டத்தை அடைந்து, நீரினும் இலேசானதாகையால் அதன்மேல் மிதந்து, நீர் ஓடும் திசையிலே மெல்லப் பரவும். திருகோணமலையில் இதனோடு இன்னொரு காரணமும் சேருகிறது. வருடத்து மழையிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றோடு வந்துவிடுவதும், அதன்பின் நீண்ட வறட்சி தொடர்வதும் அப்பிரதேசத்தின் இயல்பு. மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர, மிதக்கும் எண்ணெயும் அதனோடு உயர்கிறது; கோடையில் நீர்மட்டம் தாழ, எண்ணெயும் கூடவே தாழ்கிறது. இவ்வாறு ஏறியும் இறங்கியும், குத்துவிளக்கின் திரி எண்ணெயைத் தன்னுள் இழுத்து நிறுத்திக்கொள்வதுபோல, இடைப்பட்ட மண்ணின் துவாரங்களெல்லாம் எண்ணெயை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. சில அங்குலத் தடிப்பில் மிதந்திருக்க வேண்டிய எண்ணெய், சில வருடங்களில் ஓர் ஆள் உயர மண்ணைப் பூசிவிடுகிறது. நீரில் மிதப்பதை இறைத்துவிடலாம், மண்ணிற் பூசியதை இறைத்தெடுக்க முடியாது.

இதனை நேரில் அறிவதற்கு நிலத்திலே ஒடுக்கமான அவதானிப்புக் கிணறுகளைத் துளைப்பார்கள். அடியில் ஒரு சிறு குண்டு வால்வாக அமைந்த, ஒளி ஊடுருவும் குழாய் ஒன்றைக் கயிற்றிற் கட்டி, நீரைக் கலக்காதபடி மெல்ல இறக்கி, மேலே தூக்கினால், கீழ்ப்பாகத்தில் தெளிந்த நீரும், அதன்மேல் கூரான கோடு ஒன்றினாற் பிரிந்து, தேயிலைச் சாயம்போன்ற நிறத்திலோ தார்போன்ற கறுப்பிலோ எண்ணெயும் நிற்கக் காணலாம். அந்த எண்ணெயின் உயரத்தை அளந்து குறிப்பர். கிணற்றிற் காணும் தடிப்பு, மண்ணிலுள்ள உண்மையான தடிப்பைவிட அதிகமாகவே தோன்றும் என்பது இத்துறையில் அனுபவமுள்ளோர் எப்போதும் நினைவில் வைத்திருக்கும் ஒரு விஷயம். மழைக்காலத்தில் எண்ணெய் தென்படாத கிணற்றிலே கோடையில் அது தென்படுவதும் உண்டு. ஆகையால் ஒருமுறை அளந்துவிட்டு நிலம் சுத்தமாயிருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது சாஸ்திரத்துக்கு ஒவ்வாது; இரு பருவங்களிலும் அளந்தே தீரவேண்டும்.

மிதக்கும் எண்ணெயைக் காட்டிலும், அதிலிருந்து நீரிற் கரைந்து செல்லும் பாகமே மனிதருக்கு அதிக ஆபத்தானது. பெற்றோலிலும் ஓரளவு டீசலிலும் உள்ள பென்சீன் என்னும் பதார்த்தம் இரத்தப் புற்றுநோயை விளைவிக்கவல்லது. குடிநீரில் அது லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் வரையறுத்திருக்கிறது. இவ்வளவின்படி, ஒரு லீற்றர் பென்சீன் எட்டுக் கோடி லீற்றருக்கு மேற்பட்ட நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும்.

இலங்கைத் தமிழருக்கு இது ஏட்டுப் படிப்பாக மட்டும் வந்த செய்தியன்று. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில், அனல்மின் நிலையத்தைச் சூழ்ந்த கிராமங்களின் கிணறுகளிலே எண்ணெய் மிதந்ததும், தலைமுறை தலைமுறையாகத் தண்ணீர் அள்ளிய கிணற்றை விட்டுவிட்டு மக்கள் கொள்கலன்களில் வரும் நீருக்குக் காத்து நின்றதும், 2015ஆம் ஆண்டை ஒட்டிப் பெருங் கிளர்ச்சி எழுந்ததும் நாம் அறிந்தவை. இதன் தொடர்பாக எழுந்த வழக்கிலே 2019 ஏப்ரல் 4ஆந் திகதி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து, பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா நஷ்டஈடு செலுத்துமாறு அங்கு மின் உற்பத்தி செய்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. யாழ்ப்பாணத்தின் அடித்தளம் சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் நீர் விரைந்து ஓடுவதால் மாசும் விரைந்து ஓடும். திருகோணமலையில் அடித்தளமாயிருப்பது மிகப் பழைய பளிங்குருப் பாறை. அதன்மேல் மணலும் சிதைந்த பாறை மண்ணும் படிந்திருக்கின்றன. அங்கே மாசு மெதுவாக நகரும். ஆயினும் பாறையின் பிளவொன்றிற் புகுந்துவிட்டால், எங்கே போய் வெளிப்படும் என்று கணிப்பது கடினம். சரிந்து இறங்கும் நிலத்தின் முடிவிலே குடாவும், அதனை நம்பி வாழும் கிண்ணியா முதலிய ஊர்களின் மீனவரும் இருக்கிறார்கள்.

இனிப் பரிகாரத்தைப் பார்ப்போம். எண்ணெய் எந்தக் கிரமத்தில் நிலத்தினுள் பரவியதோ, அந்தக் கிரமத்தை அறிந்தே அதனை அகற்றும் முறைகளும் வகுக்கப்பட்டிருக்கின்றன. முதற்காரியம் கசிவை நிறுத்துவது: தாங்கியைக் காலி செய்து, அடியிற் படிந்த சேற்றெண்ணெயை அள்ளி, துவாரத்தைக் கண்டுபிடித்து அடைக்கவேண்டும். ஊற்றை அடைக்காமல் கீழே எவ்வளவு சுத்தம் செய்தாலும் அது வீண் பிரயாசை. இரண்டாவது, நீர்மட்டத்தின்மேல் மிதக்கும் எண்ணெயைக் கிணறுகள் வழியாகப் பம்பிகளாலும், எண்ணெயை மட்டும் பற்றிக்கொண்டு நீரை ஒதுக்கும் பட்டிகளாலும் மேலே எடுப்பது. மூன்றாவது, நீர்மட்டத்துக்கு மேலுள்ள மண்ணிலே துளையிட்ட குழாய்களை நட்டு, காற்றை உறிஞ்சி, அதனோடு வரும் எண்ணெய் ஆவியைச் சேகரிப்பது. பெற்றோல்போல எளிதில் ஆவியாகும் எண்ணெய்களுக்கு இது மிகச் சிறந்த உபாயம். நான்காவது, கரைந்த மாசுள்ள நீரை இறைத்துச் சுத்திகரிப்பது. இறைத்த நீரை உயர்ந்த கோபுரத்தின் வழியே வீழ்த்திக் காற்றை எதிர்முகமாகச் செலுத்தினால், பென்சீன் காற்றோடு போய்விடும். எஞ்சியதைச் செயற்படுத்திய கரி பிடித்துக்கொள்ளும். தேங்காய்ச் சிரட்டையிலிருந்து தயாராகும் அக்கரியில் ஒரு கிராமுக்குள்ளே ஏறக்குறைய ஆயிரம் சதுர மீற்றர் உள்மேற்பரப்பு அடங்கியிருக்கிறது. அதனை உலகச் சந்தைக்கு அனுப்பும் தேசங்களுள் இலங்கை முக்கியமானது என்பதனால், இதற்கு வேண்டிய சிறந்த மூலப்பொருள் நம் தென்னந்தோப்புகளிலேயே இருக்கிறது.

இந்நான்கும் செய்து முடித்த பின்னரும் மண்ணின் நுண்துவாரங்களில் எண்ணெய் எஞ்சியே நிற்கும். அதனைத் தீர்ப்பவை நுண்ணுயிர்கள். எண்ணெயும் ஒருகாலத்தில் உயிர்வாழ்ந்தவற்றின் எச்சமே ஆதலால், அதனை உணவாகக் கொள்ளும் பற்றீரியாக்கள் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் இயற்கையாகவே உள்ளன. இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, எண்ணெயின் பல கூறுகளையும் உண்ணவல்ல பற்றீரியாவை ஆய்வுகூடத்தில் உருவாக்கி, உயிருள்ள பொருளுக்கும் காப்புரிமை உண்டு என்ற தீர்ப்பை 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திற் பெற்றார். ஆயினும் நடைமுறையிலே, வெளியிலிருந்து புதிய உயிரைக் கொண்டுவருவதைவிட, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் உயிர்களுக்கு வேண்டியவற்றைக் கொடுப்பதே பெரும்பாலும் பயன் தந்திருக்கிறது. 1989இல் அலாஸ்காவிலே எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய் படிந்த கடற்கரைகளிற் பசளை இட்டு, அங்கிருந்த பற்றீரியாக்களையே பெருக்கினார்கள்.

அவற்றுக்கு வேண்டியவை நைதரசன், பொசுபரசு, ஈரம், எல்லாவற்றிலும் மேலாக ஒட்சிசன். ஒரு கிராம் எண்ணெயை முற்றாகச் சிதைப்பதற்கு மூன்று கிராமுக்கு மேற்பட்ட ஒட்சிசன் தேவை. திருகோணமலை வெப்பத்தில் ஒரு லீற்றர் நீரிலே கரைந்து நிற்கக்கூடிய ஒட்சிசன் சுமார் 8 மில்லிகிராமே. ஆகவே ஒரு லீற்றர் டீசலைத் தின்று தீர்ப்பதற்கு மூன்று இலட்சம் லீற்றருக்கு மேற்பட்ட நீரின் ஒட்சிசன் முழுவதும் செலவாகவேண்டும்! ஆனால் ஒரு லீற்றர் காற்றிலோ அதைப்போல முப்பது மடங்குக்கு மேற்பட்ட ஒட்சிசன் இருக்கிறது. இந்த ஒரு கணக்கைக் கொண்டே, நிலத்தினுள் காற்றை மெதுவாகச் செலுத்துவது எவ்வளவு பயனுடைய சிகிச்சை என்பதை உணரலாம். வெப்பநிலையும் நமக்கு அனுகூலமாயிருக்கிறது. 2020 மே 29ஆந் திகதி ரஷ்யாவின் வடகோடியிலுள்ள நொரில்ஸ்க் நகரில், ஒரு தாங்கியின் அத்திவாரம் அமிழ்ந்ததனால், சீனக்குடாத் தாங்கிகள் இரண்டின் கொள்ளளவுக்குச் சமமான ஏறக்குறைய 21,000 தொன் டீசல் வெளியேறியது. உறைபனி நிலமாகையால் அங்கே பற்றீரியாக்களின் வேலை மிக மந்தமாகவே நடக்கும். பத்துப் பாகை வெப்பம் கூடும்போது அவற்றின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொது நியதி. நம் மண்ணிலே வருடம் முழுவதும் அவை சுறுசுறுப்பாயிருக்கும்.

எனினும் எல்லா எண்ணெயும் ஒரே தன்மையினதன்று. சீனக்குடாவில் ஆதியில் நிரப்பப்பட்டது கப்பல்களின் கொதிகலங்களுக்கான கனத்த உலை எண்ணெய். அது பாகுபோன்றதாகையால் தூரம் பரவாது, எளிதில் ஆவியாகாது, நீரிலும் அதிகம் கரையாது; அதனால் அது கிணற்றுக்குச் செய்யும் கெடுதி குறைவு. ஆனால் அதே குணங்களினாலேயே அதனை இறைத்தோ உறிஞ்சியோ எடுக்க முடியாது. அதன் தார்போன்ற கூறுகளைப் பற்றீரியாக்களும் எளிதில் தொடுவதில்லை. அப்படிப்பட்ட மண் காணப்படும் இடத்தில், அதனை அகழ்ந்தெடுத்து, நீர் கசியாத தளத்தின்மேல் மெல்லிய படையாகப் பரப்பி, பசளையிட்டு, நனைத்து, மாதக்கணக்காக உழுது காற்றூட்டவேண்டும். அதற்கும் கட்டுப்படாததைச் சூளையிற் சூடாக்கி எண்ணெயைப் பிரிக்கவேண்டும். இவை பணமும் பொறுமையும் வேண்டும் வேலைகள். இலேசான எண்ணெய் கசிந்த இடமும் சுத்தமாவதற்குப் பல வருடங்கள் செல்லும்.

இவ்வளவு பிரயாசையையும் நோக்கும்போது, வருமுன் காப்பதன் மதிப்பு விளங்கும். பழைய உருக்கைப் புதுப்பிப்போருக்கு 1988 ஜனவரி 2ஆந் திகதி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நடந்த சம்பவம் ஒரு பாடமாகும். வேறிடத்தில் நாற்பது வருடம் நின்ற தாங்கியொன்றைக் கழற்றிவந்து புளோரெப் என்னும் ஊரிற் பொருத்தி, முழுவதும் நீர் நிரப்பிப் பரீட்சிக்காமலே டீசலை ஏற்றினார்கள். பழைய உருக்கிலிருந்த ஒரு சிறு குறையிலிருந்து வெடிப்பு ஓடி, தாங்கி முழுவதும் பிளந்தது. எண்ணெய் அலையாக எழுந்து தடுப்பணையைத் தாண்டி, 25 இலட்சம் லீற்றருக்கு மேற்பட்டது மொனொங்ககேலா ஆற்றிற் கலந்தது. அதன் பின்னரே, பழைய தாங்கிகளை ஆராய்ந்து பழுதுபார்ப்பதற்கென அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகத்தின் 653ஆம் இலக்க நியமம் 1991இல் வெளிவந்தது. அடித்தகடு முழுவதையும் காந்தக் கருவியால் வருடித் தேய்வை அளப்பது, நீர் நிரப்பிப் பரீட்சிப்பது, இரட்டை அடித்தகடு இட்டு இடைவெளியைக் கண்காணிப்பது, மிகப் பெரிய தாங்கியின் கொள்ளளவிலும் பத்து வீதம் கூடுதலாகக் கொள்ளும் தடுப்பணை கட்டுவது ஆகியவை இன்று உலகம் ஒப்புக்கொண்ட முறைகள். அந்த அணையினுள் மாரிமழை தேங்கும்; அதனை வெளியேற்றத் திறந்த வால்வை மறுபடி பூட்ட மறந்தால், அணை இருந்தும் இல்லாததாகும். திருகோணமலைபோன்ற இடத்தில் இச்சிறு விஷயமே பெரிய விஷயம்.

2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி, 24 தாங்கிகள் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், எஞ்சிய 61 தாங்கிகள் இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பகிரப்பட்டன. 2025 ஏப்ரலில் திருகோணமலையைச் சக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் கைச்சாத்திட்டன. இப்பேச்சுகளிலே எத்தனை தாங்கி, எத்தனை வருடம், எவருக்கு எவ்வளவு பங்கு என்பவை அடிக்கடி கேட்கின்றன. தாங்கியின் கீழுள்ள மண்ணைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்குக் கேட்பதில்லை. நான் வற்புறுத்த விரும்புவது இதுவே: ஒவ்வொரு தாங்கியையும் நிரப்புமுன், அதனைச் சுற்றி அவதானிப்புக் கிணறுகள் தோண்டி, மாரியிலும் கோடையிலும் மண்ணையும் நீரையும் பரிசோதித்து, அன்றைய நிலையைப் பதிவு செய்யவேண்டும். அப்பதிவு இருந்தால், பழைய மாசு எது, புதிய கசிவு எது என்பது ஐயமின்றித் தெரியும். கசிவு தோன்றிய சில மாதங்களுக்குள்ளேயே அகப்படும். மாசுபடுத்தியவர் எவரோ அவரே சுத்திகரிப்பின் செலவையும் ஏற்கவேண்டியவராவார். அப்பதிவு இல்லையேல், சுன்னாகத்தில் நேர்ந்ததுபோல, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்ற விவாதத்திலேயே வருடங்கள் கழியும். அதுவரை கிணற்றுக்குரியவர் தாகத்தோடு காத்திருப்பார். தாங்கிகளைப் புதுப்பிக்க ஆகும் செலவோடு ஒப்பிட, சில கிணறுகளும் வருடத்துக்கு இருமுறை செய்யும் பரிசோதனையும் அற்பச் செலவே. அப்பரிசோதனையின் முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, அந்நிலத்தைச் சூழ்ந்து வாழும் மக்கள் வாசிக்கத்தக்க இடத்திலே ஒட்டிவைப்பதையும் உடன்படிக்கையின் ஒரு நிபந்தனையாகவே எழுதிவிட வேண்டும்.